கல்வி மசோதாவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து கன்னங்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் போகிறவருக்கு மாநகராட்சி எங்கே முடிந்தது, பேரூராட்சி எங்கே தொடங்கியது என்று தெரியாது. வீடும் கடையும் விடாமல் தொடரும். ஆனால் 2025 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு அதே சாலையில் போனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடு 10 ஏக்கர் பெறும். மாநகராட்சிக்குள் 25 ஏக்கர் தொடர்ச்சியான நிலம் இருந்தால் தனியார் பல்கலைக்கழகம் கேட்கலாம். நகராட்சி, பேரூராட்சி என்றால் 35. மற்ற இடங்களில் 50. 2019-ஆம் ஆண்டின் மூலச் சட்டம் எங்கே இருந்தாலும் 100 ஏக்கர் என்றுதான் சொல்லியிருந்தது. ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகளும் பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ள இந்தத் திருத்தம் கதவு திறந்தது.

சில நாட்களே நீடித்த கூட்டத்தொடரில் மசோதா வந்தது, அதே தொடரில் நிறைவேறியது. அதன் பிறகுதான் எதிர்ப்பு வலுத்தது. கல்லூரி ஆசிரியர் சங்கங்கள் பேசின, ஆளும் கூட்டணிக் கட்சிகளே பேசின. அரசு உதவி பெறும் கல்லூரி தனியார் பல்கலைக்கழகமானால் அங்கே அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் என்ன ஆவார், இட ஒதுக்கீடும் கட்டணமும் யார் கையில் என்ற கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. மறுஆய்வு செய்வதற்காகத் திரும்பப் பெறுகிறோம் என்று உயர்கல்வித் துறை அமைச்சர் அறிவித்தார். நிறைவேறிய மசோதாவை அரசே பின்வாங்குவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அந்தக் கேள்விகள் எல்லாமே வாக்கெடுப்புக்கு முன்னால் மசோதாவின் ஒரு சில பக்கங்களிலேயே கிடைத்திருக்கக்கூடியவை. அதைக் கிடைக்கச் செய்யும் படிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘மசோதா சட்டமன்றத்தில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று செய்தியில் வரும். பேரவை மொழியில் இதற்குப் பொருள், அமைச்சர் ஒரு தீர்மானம் முன்மொழிந்து விவாதம் தொடங்கியது என்பது மட்டும்தான். உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள் என்பதல்ல. நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் உண்டு. கேரளச் சட்டமன்றத்தில் பொருள்வாரிக் குழுக்கள் உண்டு. நம் பேரவையில் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, சட்டவிதிகள் ஆய்வுக் குழு எல்லாம் இருக்கின்றன. வருகிற கல்வி மசோதாவைத் தானாக எடுத்துப் படிக்கிற குழு இல்லை. தெரிவுக் குழுவுக்கு (ஒரு மசோதாவைப் படிக்கவென்றே உறுப்பினர்களைக் கொண்டு அமைக்கும் குழு) அனுப்பலாம், பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடலாம் என்று விதிகளில் வழி இருக்கிறது. அந்த வழியில் போகிற மசோதாக்கள் மிகக் குறைவு. 1986-இல் மேலவையும் கலைக்கப்பட்டதால் இரண்டாவது கண் என்று ஒன்றும் கிடையாது. அங்கே ஆசிரியர் தொகுதி, பட்டதாரி தொகுதி என்று தனித்தனியாக ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார்கள் என்பதைக் கல்விக்காரர்கள் இன்னமும் ஏக்கத்தோடு சொல்வதுண்டு.

ஆக 234 பேருக்கும் மிஞ்சுவது அறிமுகத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையிலான இடைவெளி. பல தடவை அது இரண்டு மூன்று நாள். அறிமுகமான மசோதாக்கள் தொடரின் கடைசி நாளில் வரிசையாக எடுக்கப்படுவது வழக்கமாகிவிட்டதால் அன்றைக்கு ஒரு மசோதாவுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடமாகவும் இருக்கும். ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று பேரவைத் தலைவர் கேட்டுக் குரல் வாக்கெடுப்பில் முடித்துவிடுவார். சேலம் மாவட்டத்தின் 11 உறுப்பினர்களில் யாராவது உண்மையாகப் படிக்க நினைத்தால், அதற்கு வாய்ப்பு அறிமுக நாள் சாயங்காலம்தான். உறுப்பினருக்கென்று ஆராய்ச்சி உதவியாளர் கிடையாது. அலுவலகத்தில் இருப்பவர் மனு வாங்கிப் பரிந்துரைக் கடிதம் தட்டச்சு செய்கிறவர். படிக்கத் தெரிந்த ஒரு தலைமையாசிரியரும் ஒரு வழக்கறிஞரும் தொகுதியில் இருந்தால் அதுவே பெரிய பலம்.

கையில் வருகிற கட்டில் என்ன இருக்கும்? தலைப்பு, கூறுகள் (மசோதாவின் எண்ணிட்ட பிரிவுகள்), பிறகு நோக்க காரண விளக்கம். செலவு உண்டென்றால் நிதிக் குறிப்பு. விதி செய்யும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுப்பதாக இருந்தால் அதைப் பற்றி ஒரு குறிப்பு. அரசிதழின் சிறப்பு வெளியீட்டில், நான்காம் பகுதியின் முதல் பிரிவில் மசோதா அச்சாகும். எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எல்லோரும் செய்யும் முதல் தப்பு, நோக்க காரண விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு மசோதாவையே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. அது துறை எழுதிய விளம்பரப் பலகை. நீதிமன்றத்திலும் அது கூறுகளுக்கு ஈடாக நிற்காது. இரண்டாவது தப்பு, தமிழ்ப் பிரதியோடு நிறுத்திவிடுவது. அரசமைப்பின் 348-ஆம் பிரிவுப்படி, தமிழில் நிறைவேறிய சட்டத்துக்கும் அதிகாரபூர்வ ஆங்கிலப் பிரதியே செல்லுபடியாகும் வடிவம். சந்தேகம் வரும் சொல்லை இரண்டிலும் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

நமக்கு வரும் கல்வி மசோதாக்களில் பெரும்பாலானவை திருத்த மசோதாக்கள். அவற்றை நேராகப் படித்தால் ஒன்றும் புரியாது. ‘மூலச் சட்டத்தின் இத்தனையாம் பிரிவில், இந்தச் சொற்களுக்கு மாற்றாக இந்தச் சொற்கள் அமைக்கப்படவேண்டும்’ என்று மொட்டையாக இருக்கும். இதற்கு ஒரே வழி, பழைய காலத்து வழி. மூலச் சட்டத்தை ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வந்த திருத்தங்கள் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் கடைசித் திருத்தம் ஏறியிருக்காது. பிறகு நீக்கும் சொல்லைப் பென்சிலால் அடித்து, சேர்க்கும் சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி அதே இடத்தில் ஒட்டுங்கள். நாற்பது பக்கச் சட்டத்துக்கு ஆறு பக்கத் திருத்தம் என்றால் இரண்டு மணி நேர வேலை. ஒட்டி முடித்த பிறகு அந்தப் பிரிவை மட்டும் அல்ல, அந்தப் பிரிவைச் சுட்டும் மற்றப் பிரிவுகளையும் படிக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நில அளவையே எடுத்துக்கொள்வோம். 100 என்ற இடத்தில் 25, 35, 50 என்று ஒட்டியாயிற்று. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தேதியில் அந்த இடம் மாநகராட்சி? விண்ணப்பித்த நாளா, அனுமதி தந்த நாளா, சட்டம் வந்த நாளா? ஊராட்சியில் 25 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, பக்கத்து மாநகராட்சி எல்லையை விரித்து ஓர் அரசாணை வந்த மறுநாளே தகுதி வந்துவிடுமா? எல்லை விரிவு நகராட்சி நிர்வாகத் துறையின் வேலை, பல்கலைக்கழகம் உயர்கல்வித் துறையின் வேலை. ஒரு துறையின் கையெழுத்து இன்னொரு துறையின் வாசலைத் திறந்துவிடும். இதற்கு மசோதாவுக்குள் விடை இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் அதுவே திருத்தம் கொடுக்க வேண்டிய இடம். ‘மற்ற இடங்கள் 50 ஏக்கர்’ என்ற சொல்லில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் அடங்கும். மலையில் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின் கீழ்த் தனி அனுமதி வேண்டியிருக்கும், அது இந்த மசோதாவில் தெரியாது. மசோதா ‘ஆம்’ என்று சொல்வதை இன்னொரு சட்டம் ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்துப் பொருள்வரையறைப் பிரிவு. இரண்டாம் பிரிவு என்பதால் எல்லோரும் தாண்டிப் போவார்கள். கல்விச் சட்டத்தில் யாருக்குச் சோறு, யாருக்கு இலை மட்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். 2020-இல் நிறைவேறிய மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ‘அரசுப் பள்ளி’ என்றால் என்ன என்று அது தானே வரையறுத்துக்கொண்டது. பள்ளிக் கல்வித் துறைப் பள்ளிகள் மட்டும் அல்ல. உள்ளாட்சிப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத் துறைப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வனத் துறைப் பள்ளிகளும் அதற்குள் வந்தன. ஏற்காட்டு மலைக் கிராமத்தில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் மலையாளிப் பிள்ளைக்கு (கேரளத்தவர் அல்ல, சேர்வராயன் மலையின் பழங்குடிகள்) அந்த வரையறைதான் இடம் தந்தது. ‘பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பள்ளி’ என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் நோக்க விளக்கத்தில் அதே ஏழைப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர்களை வெளியே நிறுத்தியிருக்கும். அதே வரையறை அரசு உதவி பெறும் பள்ளிகளைச் சேர்க்கவில்லை. சேலம் நகரத்தில் கட்டணமில்லாமல் உதவி பெறும் பள்ளியில் படித்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. சரியா தவறா என்பது கொள்கை விவாதம். ஆனால் அந்த விவாதம் நடக்க வேண்டியது வரையறைப் பிரிவில்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். கூடவே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற நிபந்தனையும், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கான வழியும் இருக்கின்றன. இந்தச் சின்ன வழியை மேடைப் பேச்சில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எந்தத் துறையின் பள்ளி என்ற கேள்வி மலையில் எப்போதும் வரும். 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் மற்றத் துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவருவோம் என்று அறிவிப்பு வந்தது. 2024-இல் நீதிபதி சந்துரு குழுவும் அதையே பரிந்துரைத்தது. ஆகவே ஏற்காடு உறுப்பினர் கையில் எந்தப் பள்ளி மசோதா வந்தாலும் முதல் குறிப்பு, இது யாருடைய பள்ளிகளுக்கு? துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கையில் பள்ளிக் கல்வி எண் 43, உயர்கல்வி 20, ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலம் 4. மூன்று கொள்கை விளக்கக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். இதைக் கேட்கிற வாய் அவையில் அதிகம் இல்லை.

இனி அந்த ஒற்றைச் சொல்லுக்கு வருவோம்: ‘வகுத்துரைக்கப்படும்’. விதிகளில் பிறகு சொல்வோம் என்று பொருள். மசோதா முழுவதும் இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் வட்டம் போடுங்கள். எண்ணுங்கள். கட்டணம், தகுதி, கால வரம்பு, குழுவின் உறுப்பினர்கள், தண்டம் என்று எல்லாமே வட்டத்துக்குள் விழுந்தால், நீங்கள் வாக்களிப்பது சட்டத்துக்கு அல்ல, ஒரு வெற்றுக் காகிதத்துக்கு.

2009-ஆம் ஆண்டு மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டத்தில் ஆறாம் பிரிவு அக்கம்பக்கத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்கிறது. அக்கம்பக்கம் என்றால் எவ்வளவு தூரம்? வகுத்துரைக்கப்படும். நம் மாநிலத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளில் அந்தத் தூரம் தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரைக்கு 3 கிலோமீட்டர் என்று நிர்ணயமானது. குகையிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ 3 கிலோமீட்டர் என்பது ஒரு டவுன் பஸ் டிக்கெட். மாரமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் அது ஏற்றமும் இறக்கமும் மழைக்கால ஓடையும் காட்டெருமையும். வரைபடத்தில் கோடு போட்டு அளக்கும் தூரமும், காபித் தோட்டத்தின் நடுவே சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையின் தூரமும் ஒன்றில்லை. ‘நடக்கும் பாதையின் தூரம்’ என்ற இரண்டு மூன்று சொல் சட்டத்தில் இருந்தால் வழக்காடலாம். விதியில் விட்டுவிட்டால் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். விதியில் போகட்டும் என்று விடத்தக்கவை உண்டு. படிவத்தின் வடிவம், பதிவேட்டின் பெயர். பிள்ளையின் கால் நடக்க வேண்டிய தூரம் அந்த வகை இல்லை.

விதிக்கு விட்டால் காலமும் போகும். தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பேரவையில் வந்தது 2018-இல். 2019-இல் 35-ஆம் எண் சட்டமாயிற்று. அதற்கான விதிகள் வந்து அது நடைமுறையானது 2023-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிகள் 1973-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. இதனால்தான் முதல் பிரிவின் கடைசி உட்பிரிவைக் கவனிக்கச் சொல்வது. ‘அரசு அறிவிக்கையின் மூலம் குறிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று இருந்தால் அந்த நாள் நாளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். ‘ஆறு மாதத்துக்கு மிகாமல்’ என்று சேர்க்கக் கேட்பது அரசியல் சண்டை ஏதும் இல்லாத, எந்தக் கட்சி உறுப்பினரும் கேட்கக்கூடிய திருத்தம். வருடா வருடம் ஜூனில் பள்ளி திறக்கும் ஊரில் நடைமுறை நாள் ஜனவரியா செப்டம்பரா என்பதே பாதிச் சட்டம்.

பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நிதிக் குறிப்பு இல்லாமல் புதுக் குழு, புது ஆணையம், புது ஆய்வாளர் என்று மசோதா பேசினால் சம்பளம் எங்கிருந்து என்று கேளுங்கள். அரசின் தொகுப்பு நிதியில் கை வைக்கும் மசோதாவுக்கு அரசமைப்பின் 207-ஆம் பிரிவுப்படி ஆளுநரின் பரிந்துரை வேண்டும் என்பதால் தனி உறுப்பினர் மசோதாவாகப் பள்ளி கட்டிவிட முடியாது. ஆள் பலத்தைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் உதாரணம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மாநிலத்துக்கே ஒரு குழு, அது நிர்ணயிக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். நல்ல எண்ணம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அந்த ஒரு குழு முதல் சுற்றில் சில மாதத்தில் கட்டணம் நிர்ணயிக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. மெட்ரிக் பள்ளிகள் நிறைந்த சேலம் போன்ற மாவட்டத்தில் பெற்றோருக்குக் கடைசியில் கையில் இருந்தது, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டாத ஒரு கட்டணப் பட்டியல். பள்ளிகளின் எண்ணிக்கையைக் குழுவின் வேலை நாட்களால் வகுத்துப் பார்க்கிற கணக்கு மசோதா நாளிலேயே போடக்கூடியது.

மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வியைப் பலர் முதலில் வைப்பார்கள். கடைசியில் வைப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மசோதா என்ன செய்கிறது என்று சரியாகத் தெரியாமல் அது யாருடைய எல்லைக்குள் என்று சொல்ல முடியாது. அரசமைப்பின் 42-ஆம் திருத்தத்தால் 1977 ஜனவரி 3 முதல் கல்வி, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் செய்யக்கூடிய பொதுப் பட்டியலில், 25-ஆம் இனத்தில் (வரிசை எண்ணில்) இருக்கிறது. உயர்கல்வித் தரத்தை ஒருங்கிணைப்பதும் நிர்ணயிப்பதும் ஒன்றியப் பட்டியலின் 66-ஆம் இனம். பல்கலைக்கழகத்தை நிறுவுவது மாநிலப் பட்டியலின் 32. மத்தியச் சட்டத்தோடு நேராக மோதினால் அரசமைப்பின் 254-ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு நீட் வரலாறு ஒன்றே போதும். 2017-இல் விலக்கு மசோதாக்கள் போயின, ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021-இல் அரசு வேறு மாதிரி செய்தது. ஜூனில் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு அமைந்தது, 86,342 பேரிடம் இருந்து கருத்து வந்தது, ஜூலையில் அறிக்கை, செப்டம்பர் 13-இல் மசோதா. ஒரு கல்வி மசோதாவுக்கு முன்னால் இவ்வளவு ஆதாரம் திரட்டியது நம்மூரில் அபூர்வம். 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்ப, அதே மாதம் 8-ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் பேரவை மறுபடி நிறைவேற்றியது. ஆனாலும் 2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பொது நுழைவுத் தேர்வு வேண்டும் என்கிறது. மோதல் நேருக்கு நேர். ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் தெரிவித்தார்.

நடுவில் வந்த 7.5 சதவீத மசோதா நீட்டைத் தொடவே இல்லை. நீட் எழுதித் தேறிய அரசுப் பள்ளி மாணவருக்கு மாநில இடங்களில் உள்ஒதுக்கீடு என்று மட்டும் சொன்னது. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 வைத்தது. 2020 செப்டம்பர் 15-இல் நிறைவேறி, தாமதம் என்ற கூச்சலுக்கு இடையில் அக்டோபர் 30-இல் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது, 45 நாள். ஒரே ஆதங்கத்தில் இருந்து புறப்பட்ட இரண்டு மசோதாக்கள். ஒன்று மத்தியச் சட்டத்தின் சுவரில் போய் முட்டியது, இன்னொன்று சுவருக்கு உள்பக்கமே இடம் பார்த்து உட்கார்ந்தது. நீட் விலக்கு கேட்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த மசோதா அரசியல் அறிவிப்பு, எந்த மசோதா வருகிற ஆண்டே சீட்டுத் தரும் என்பது படிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், தொகுதியில் கேட்பவருக்கும் அதைச் சொல்ல வேண்டும்.

ஆதாரத்தை மசோதாவுக்குப் பின்னால் தேடினால் என்ன ஆகும் என்பதை, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வி காட்டியது. 2010-இல் சட்டம் வந்தது, அந்த ஆண்டே ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் நடைமுறையானது. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூனில் சட்டத்தைத் தள்ளிவைக்கத் திருத்தம் நிறைவேறியது. நிபுணர் குழு எப்போது அமைந்தது? திருத்தம் நிறைவேறி வழக்குப் போய், உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு. புத்தகங்கள் அச்சாகித் தயாராக இருந்தன, பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9-இல் சமச்சீரை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பு வரும்வரை வகுப்பறையில் எதை நடத்துவது என்று ஆசிரியருக்குத் தெரியவில்லை.

அப்படியானால் உள்ளூர் ஆதாரத்தை இரண்டு நாளில் எங்கே எடுப்பது? கணக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் (நாடு முழுவதுக்குமான பள்ளிப் பதிவு எண்) உண்டு, நம் மாநிலம் 33-இல் தொடங்கும். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை இருக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலரிடம் கேட்கும்போது ‘மாவட்ட நிலவரம்’ என்று கேட்டால் கொள்கை விளக்கக் குறிப்பின் வாசகமே திரும்பி வரும். ‘இந்த மசோதாவின் மூன்றாம் கூறு நடைமுறையானால் ஏற்காடு ஒன்றியத்தில் எந்தெந்தப் பள்ளிகள் உள்ளே வரும், எவை வெளியே நிற்கும்’ என்று கேட்டால் பட்டியல் வரும். எண்ணுக்கும் நேரில் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கும். பதிவேட்டில் இரண்டு ஆசிரியர், ஒருவர் மாற்றுப்பணியில் அடிவாரத்தில். அதைச் சொல்ல வட்டாரக் கல்வி அலுவலரைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் நல்ல சாட்சி. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள்.

உறுப்பினரிடம் கொடுக்கும் காகிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மனுவைப் போல ‘ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்’ என்று எழுதினால் அது மனுக் கட்டோடு போய்விடும். மேலே மசோதா எண்ணும் ஆண்டும். அடுத்து, கூறின் எண். அதில் இப்போது இருக்கும் சொற்கள். அவற்றுக்கு மாற்றாக நீங்கள் கேட்கும் சொற்கள், அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை. அதன் கீழ் இரண்டு வரி காரணம், நம்மூர் எண்ணிக்கை ஒன்று. அவ்வளவுதான். திருத்தத்தை முன்கூட்டியே பேரவைச் செயலகத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் சொற்களைத் தயாராகக் கொடுத்தால்தான் அவருக்குப் பயன். ஆளும் கட்சி உறுப்பினர் என்றால் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்க முடியாது, அரசமைப்பின் பத்தாவது அட்டவணை (கட்சித் தாவல் தடை) பதவியைப் பறித்துவிடும். அவரிடம் ‘எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்’ என்று கேட்பது வீண். அமைச்சரை முன்னாலேயே பார்த்து அரசே அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். பேரவையில் தேறுகிற திருத்தங்கள் பெரும்பாலும் அப்படி அரசு வாயாலேயே வருபவை. எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் அறிமுக நிலையிலேயே எதிர்ப்பதைவிட, ஒரு கூறைப் பிடித்து அமைச்சரிடம் இருந்து பதில் வாங்குவது கெட்டிக்காரத்தனம். அவையில் அமைச்சர் தரும் வாக்குறுதி உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏறும், பிறகு துறை அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நிறைவேறிய பிறகு ஆளுநர் மாளிகை. பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன மசோதாக்கள் எவ்வளவு காலம் அங்கே கிடந்தன என்பது கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழக வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். 2023 நவம்பரில் திருப்பி அனுப்பப்பட்ட 10 மசோதாக்களைப் பேரவை 18-ஆம் தேதி மறுபடி நிறைவேற்றியது; 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் அவை ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளச் சொன்னது; மே மாதம் உயர் நீதிமன்றம் நியமனத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது; நவம்பர் 20-இல் அரசமைப்பு அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளும் வழியும் இல்லை என்று கருத்துச் சொன்னது. இந்தக் கட்டத்தில் உறுப்பினர் படித்துச் செய்ய ஒன்றும் இல்லை.

செய்ய இருப்பது விதிகள் வரும்போது. மசோதா நாளில் வட்டம் போட்ட அந்தப் பிரதியை எறிந்துவிடக் கூடாது. விதிகள் அரசிதழில் வந்ததும் ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே எந்த விதி என்று எழுதிக்கொண்டே வாருங்கள். சில வட்டங்கள் காலியாக நிற்கும். சில விதிகள் எந்த வட்டத்திலும் பொருந்தாமல், சட்டம் தராத அதிகாரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது வகைதான் சட்டவிதிகள் ஆய்வுக் குழு பார்க்க வேண்டியது. விதிகள் பேரவையின் முன் வைக்கப்பட்டனவா, எந்தத் தேதியில் என்பதையும் பாருங்கள். மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது பொதுப் பிரச்சினை ஒன்றை, ஒரே துறையைச் சேர்ந்ததாக, தமிழில், கையெழுத்தும் தேதியும் போட்டு ஐந்து நகல்களாகக் கொடுக்கச் சொல்வார்கள்; தனிமனிதர் வேலை, கடன், நீதிமன்ற வழக்கு என்றால் எடுக்க மாட்டார்கள். நாகலூரில் இருந்து பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பாதையில் அளந்த கணக்கு அந்த ஐந்து நகலிலும் இருக்கட்டும், அளந்தவர் பெயரோடும் அளந்த தேதியோடும்.